ஈஸ்ட்மென் கலரில் இருக்கும் அந்த ஈஸ்ட்மென்

உங்க வீட்டு பீரோவோட மேல் தட்டைக் கொஞ்சம் கிளறிப் பாருங்க. பழைய ரேஷன் கார்டு, எல்ஐசி பாண்டு, அக்காவோட பத்தாவது மார்க் ஷீட் ஜெராக்ஸ், எல்லாத்துக்கும் அடியில ஒரு ஸ்டூடியோ கவர் இருக்கும். அதுக்குள்ள ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறத்தில் துண்டு துண்டா வெட்டின பட்டைகள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அப்பாவோட தலைமுடி வெளுத்தும் பல்லு கறுத்தும் தெரியும். கல்யாண ஆல்பத்தை அம்மா பட்டுப்புடவைக்கு நடுவுல பத்திரமா வெச்சிருப்பாங்க. நெகட்டிவை மட்டும் யாரும் மதிக்கறதே இல்ல. உண்மையில ஆல்பம்தான் நகல். அசல் இந்தப் பட்டை.

நம்ம காலேஜ்லயும் இப்போ சில பேர் ஃபிலிம் கேமராவோட சுத்தறாங்க. ரோலை ஊர்ல மிச்சம் இருக்கிற ஏதோ ஒரு லேப்ல கழுவக் குடுத்து, நெகட்டிவை வாங்கிட்டு வந்து, ரூம்லயே ஸ்கேன் பண்றாங்க. ஃபிலிமை இன்னொருத்தர்கிட்ட கழுவக் குடுக்கிற பழக்கத்தை உலகத்துக்கே தொழிலா ஆக்கிக் காட்டினது ஒரே ஒரு ஆள். அவர் பேரை நீங்க ஏற்கனவே பார்த்திருக்கீங்க. பழைய தமிழ்ப் படங்களோட டைட்டில் கார்டிலயும் போஸ்டரிலயும் ஈஸ்ட்மென் கலர்னு பெரிசா போட்டிருப்பாங்களே, அந்த ஈஸ்ட்மென்தான். அது ஏதோ ஒரு நிறத்தோட பேர்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அது மனுஷன் பேரு. ஜார்ஜ் ஈஸ்ட்மென்.

1854 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா, ரோசெஸ்டர் நகரில் கணக்கெழுத்தும் வணிகமும் கற்றுத்தரும் ஒரு கல்லூரி நடத்தினார். ஜார்ஜுக்கு ஏழு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துபோனார், கல்லூரியும் படுத்துவிட்டது. அம்மா மரியா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, அந்தப் பணத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அக்காக்களில் ஒருவருக்கு போலியோ. சக்கர நாற்காலியிலேயே இருந்த அவர் 1870-இல் இறந்தார்.

பதினாலு வயசுக்குள் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் எடுபிடிப் பையன் வேலை, வாரம் 3 டாலர். ராத்திரியில் வீட்டில் கணக்கெழுத்துப் படித்தார். 1874-இல் ரோசெஸ்டர் சேமிப்பு வங்கியில் கிளார்க் ஆனபோது வாரம் 15 டாலர் வந்தது. பிட் அடிக்காம, அரியர் இல்லாம செட்டில் ஆன பையன்னு நம்ம ஊர்ல சொல்ற மாதிரி. அங்கேயே இருந்திருந்தா இந்தக் கட்டுரை இல்லை.

1877-இல் கரீபியன் பக்கம் சான்டோ டொமிங்கோவுக்கு ஒரு பயணம் போக நினைத்தார். கூட வேலை பார்த்த ஒருவர், போற இடத்தைப் படம் பிடிச்சிட்டு வாயேன் என்று யோசனை சொன்னார். ஈஸ்ட்மென் கிட்டத்தட்ட 50 டாலருக்குக் கேமராவும் சாமான்களும் வாங்கினார். சாமான்கள் என்றால் லேசா எண்ணாதீங்க. பெரிய பெட்டி மாதிரி கேமரா, கனமான முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயன பாட்டில்கள், தட்டுகள், தண்ணீர்க் குடுவை, எங்க போனாலும் நட வேண்டிய ஒரு இருட்டுக் கூடாரம்.

ஏன் இவ்வளவு? அப்போது இருந்தது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசினை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, அது காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். மொத்தத்துக்கும் சில நிமிஷம்தான். ஆக, படம் எடுக்கிறவர் கூடவே ஒரு லேபும் நடக்கணும். இதைக் கத்துக்க ஒரு போட்டோகிராபரிடம் 5 டாலர் கொடுத்துப் பாடமும் படித்தார். சான்டோ டொமிங்கோவுக்கு மட்டும் கடைசி வரை போகவே இல்லை.

அவருக்கு எரிச்சல் வந்தது. இன்ஜினியரிங் பசங்களுக்கு இந்த எரிச்சல் நல்லாப் புரியும். ஒரு வேலை தேவைக்கு மேல சுத்தி வளைச்சு நடக்குதுன்னு தெரிஞ்சா தூக்கம் வராது. இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து காயவைத்த தகடுகள் பற்றிச் செய்தி வந்துகொண்டிருந்தது. காய்ந்த பிறகும் அவை வேலை செய்யும். அதைப் படித்துவிட்டு, பகலில் வங்கி, ராத்திரியில் அம்மாவின் சமையலறை என்று மாறி மாறி ஓட ஆரம்பித்தார். பாத்திரத்தில் ஜெலட்டினைக் காய்ச்சி, தகட்டில் பூசி, சரியில்லை என்றால் கொட்டிவிட்டு மறுபடி. சில ராத்திரி உடுப்பைக்கூட மாத்தாமல் அடுப்புப் பக்கத்திலேயே தரையில் படுத்துவிடுவாராம். மூன்று வருஷம் இப்படியே போனது.

எல்லாரும் தகடு செய்யும் கலவையைத் தேடியபோது இவர் அதைப் பூசும் இயந்திரத்தையும் சேர்த்தே யோசித்தார். அங்கேதான் இவருடைய தனித்தன்மை இருக்கு என்பது என் கருத்து. 1879-இல் லண்டனுக்கே போய் அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், அடுத்த வருஷம் அமெரிக்காவிலும். 1880-இல் ரோசெஸ்டர் ஸ்டேட் தெருவில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியை வாடகைக்கு எடுத்தார். பணம் போட்டவர் ஹென்றி ஸ்ட்ராங். குதிரை வண்டிச் சாட்டை செய்து விற்பவர், அம்மாவின் வீட்டில் குடும்பத்தோடு தங்கியிருந்தவர். 1881 ஜனவரியில் இருவரும் பங்குதாரர்கள் ஆனார்கள். அப்போதும் ஈஸ்ட்மென் வங்கி வேலையை விடவில்லை. தனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வங்கி இயக்குநர் ஒருவரின் சொந்தக்காரருக்குப் போனதும், அந்தச் செப்டம்பரில் வேலையை உதறினார்.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. விற்ற தகடுகளில் படம் சரியாக விழவில்லை என்று புகார் வந்தது. ஈஸ்ட்மென் விற்றதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, நல்லது செய்ததும் மாற்றித் தருவதாகச் சொன்னார். கையிருப்பு கிட்டத்தட்டக் காலி. சரி, புதுசா செய்வோம் என்றால், அதே பொருள், அதே அளவு, அதே சூடு, ஆனால் தகடு வேலை செய்யவில்லை. நூற்றுக்கணக்கில் சோதனை செய்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் ஆலையை நிறுத்திவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே போன பிறகுதான் குற்றவாளி யாரென்று தெரிந்தது: ஜெலட்டின். புதிதாக வந்த சரக்கு வேற மாதிரி இருந்திருக்கு. நல்ல ஜெலட்டினோடு ஊர் திரும்பினார், தகடுகள் மறுபடி வேலை செய்தன.

ஆனால் அந்த ஜெலட்டினில் என்னதான் வித்தியாசம்? அது தெரிய இன்னும் 40 வருஷம் ஆனது. 1920-களில் கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருகிறது. மாடு மேயும்போது கடுகுச் செடியையும் தின்றால், கடுகில் இருக்கும் கந்தகச் சேர்மம் ஜெலட்டினுக்குள் மிகச் சிறிய அளவில் வந்துவிடும். அந்தக் கந்தகம்தான் வெள்ளி உப்பின் ஒளி உணர்வைக் கூட்டுகிறது. மாடு கடுகு தின்னலைன்னா படம் விழாது! அதுக்கப்புறம் கந்தகத்தை அளந்து சேர்த்துக்கொண்டார்கள். மூலப்பொருளைச் சோதிக்காம உள்ள விடக்கூடாதுன்னு ஈஸ்ட்மென் 1882-லயே கத்துக்கிட்டார். கடுகு விஷயம் தெரியாமலேயே.

கண்ணாடி கனம், உடையும். அதனால் அடுத்து காகிதத்தில் பூசிச் சுருட்டும் வழியைத் தேடினார். வில்லியம் வாக்கர் என்பவரோடு சேர்ந்து, இருக்கிற கேமராக்களின் பின்னால் மாட்டும் ரோல் பெட்டி செய்தார். தொழில்முறை போட்டோகிராபர்கள் அதைப் பெரிசாக் கண்டுக்கல. அவங்களுக்குக் கண்ணாடியே பழகிடுச்சு, தரமும் அதுலதான் நல்லா வந்தது. இங்கே ஈஸ்ட்மென் ஒரு முடிவெடுத்தார். வாங்கமாட்டேன் என்கிறவர்களிடம் கெஞ்சுவதற்குப் பதில், இதுவரை கேமராவையே தொடாதவர்களிடம் போனார்.

1888-இல் வந்தது கோடாக் கேமரா. விலை 25 டாலர். அந்தப் பேருக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. கே என்ற எழுத்து அவருக்குப் பிடிக்கும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான கில்போர்னிலும் அதுதான் முதல் எழுத்து. எழுத்துக்களை மாத்தி மாத்தி அடுக்கி, எந்த ஊர்க்காரரும் தப்பா உச்சரிக்க முடியாத ஒரு சொல்லைச் செய்தார்.

கேமராவுக்குள்ளேயே 100 படத்துக்கான ரோல் போட்டு விற்றார்கள். நூலை இழு, சாவியைத் திருகு, பட்டனை அமுக்கு. அவ்வளவுதான். வ்யூஃபைண்டர் இல்லை. எத்தனை படம் ஆச்சுன்னு காட்டும் எண்ணும் இல்லை, ஒரு குட்டி நோட்டில் நாமே குறிச்சுக்கணும். படம் இரண்டரை அங்குல விட்டத்தில் வட்டமாக விழும். 100 படமும் முடிந்ததும் கேமராவையே மொத்தமாகப் பார்சல் பண்ணி, 10 டாலரோடு ரோசெஸ்டருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கழுவி, பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, புது ரோல் மாட்டிக் கேமராவைத் திருப்பி அனுப்புவார்கள். பட்டனை அமுக்குவது மட்டும் உங்கள் வேலை, மீதி எங்கள் பொறுப்பு என்ற பொருளில் அவர் எழுதிய விளம்பர வாசகம் அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கியது.

கேட்கச் சோம்பேறி வேலை மாதிரி இருக்கும். ஆனா அந்த மீதி எவ்வளவு பெரிசுன்னு பாருங்க. அப்போதைய ரோல் காகிதத்தின் மேல் பூசியது. காகிதத்தின் நார் படத்தில் விழுந்துவிடும் என்பதால், கழுவிய பிறகு ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியில் ஒட்டி, வெந்நீரில் அடிப்பூச்சைக் கரைத்து, காகிதத்தை மட்டும் உரித்து எடுத்து, மிச்சம் இருக்கும் மெல்லிய படலத்தைத் தெளிவான ஜெலட்டின் தாளுக்கு மாற்ற வேண்டும். கொஞ்சம் கை பிசகினாலும் படம் கிழிந்துவிடும். இதை 100 தடவை செய்யணும். வீட்டில் செய்ய முடியாத வேலை என்பதால்தான் அது தொழிற்சாலை வேலை ஆனது. அதாவது, வசதிக்காக ஆரம்பிச்ச சேவை இல்ல அது. ஃபிலிமோட குறையை மறைக்கத்தான் ஆரம்பிச்சது. அந்தக் குறையையே வியாபாரமா மாத்தினதுதான் ஆளோட கெட்டிக்காரத்தனம்.

அடுத்த வருஷமே காகிதம் போய், ஒளி ஊடுருவும் நைட்ரோசெல்லுலோஸ் ஃபிலிம் வந்தது. செய்தவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி ரைகன்பாக் என்ற இளம் வேதியியலாளர். எடிசன் தன் சினிமா சோதனைகளுக்கு வாங்கியதும் இந்த ஃபிலிமைத்தான். அங்கே பிறந்த 35 மில்லிமீட்டர் அகலம்தான் இன்னைக்கும் உங்க ரோலோட அகலம்.

இந்த இடத்தில் ஈஸ்ட்மெனை நான் தூக்கி வைக்கப் போறதில்ல. நியூ ஜெர்சி மாநிலத்தில் நெவார்க் நகரில் ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார், இதே மாதிரி ஃபிலிமுக்கு 1887-லேயே விண்ணப்பம் போட்டிருந்தார். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1898-இல். சொந்தமா ஆலை தொடங்க முயன்று, விபத்தில் அடிபட்டு 1900 கடைசி நாளில் இறந்துபோனார். அவர் உரிமையை வாங்கிய நிறுவனம் வழக்கை விடாமல் நடத்தி ஜெயித்தது. 1914-இல் கோடாக் 50 லட்சம் டாலர் கட்டியது. பாதிரியார் பார்க்க இல்லை. ரைகன்பாக் கதையும் நல்லா முடியல. ரகசியமாப் போட்டிக் கம்பெனி ஆரம்பிக்கத் திட்டம் போட்டார் என்று 1892-இல் ஈஸ்ட்மென் அவரை வெளியே அனுப்பினார். போட்டியாளர்களை விலைக்கு வாங்குவது, காப்புரிமைகளைச் சேர்த்துக் குவிப்பது எல்லாமே அவருக்குக் கைவந்த கலை. 1915-இல் கோடாக் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று நீதிமன்றமே சொன்னது.

1900-இல் பிரௌனி கேமரா வந்தது. விலை 1 டாலர். ஆறு படம் எடுக்கும் ரோல் 15 சென்ட். அட்டைப் பெட்டி மாதிரி இருக்கும். குழந்தைகளைக் குறிவைத்துத்தான் விளம்பரம், வாங்கினது எல்லாரும். இன்னொரு விஷயம்: 1902-இல் இருட்டறை இல்லாமலேயே வீட்டில் ரோல் கழுவும் ஒரு சின்ன இயந்திரத்தையும் கோடாக் விற்க ஆரம்பித்தது. கழுவற வேலையை வீட்டை விட்டு வெளிய கொண்டு போனவரே, ஆசைப்படுறவங்களுக்கு அதைத் திரும்ப வீட்டுக்குள்ள வித்திருக்கார்!

பணம் வந்த பிறகு அவர் செய்தது இன்னும் விசித்திரம். 1912-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாங்க எம்ஐடி, புது வளாகம் கட்டப் பணம் தேடிக்கொண்டிருந்தது. ஈஸ்ட்மென் கொடுத்தார், பெயரை வெளியே சொல்லக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. மிஸ்டர் ஸ்மித் என்ற பெயரில் ஏறக்குறைய 2 கோடி டாலர் போனது. யார் அந்த ஸ்மித் என்று மாணவர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1920 ஜனவரியில் ஒரு விருந்தில்தான் உண்மை தெரிந்தது. பதினாலு வயசில் படிப்பை விட்டவர், எம்ஐடி பட்டதாரிகள் தன் ஆலையில் வேலை பார்த்த விதம் பிடித்துப்போய்க் கொடுத்தது அது. அங்கே அவர் முகம் பதித்த ஒரு உலோகப் பலகை இருக்கு. பரீட்சைக்குப் போற பசங்க அந்த மூக்கைத் தடவிட்டுப் போவாங்க, தடவித் தடவி மூக்கு மட்டும் பளபளன்னு இருக்கும். நம்ம காலேஜ் வாசல்ல இருக்கிற பிள்ளையார் ஞாபகம் வந்தா தப்பில்ல.

ரோசெஸ்டரில் இசைப்பள்ளி, அங்கேயும் லண்டன், ரோம், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஸ்டாக்ஹோமிலும் குழந்தைகளுக்குப் பல் மருத்துவமனைகள், கறுப்பின மாணவர்கள் படித்த டஸ்கீகி, ஹாம்ப்டன் நிறுவனங்களுக்கு நன்கொடை. மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல். லாபத்தில் தொழிலாளிகளுக்குப் பங்கு தரும் திட்டத்தையும் 1912-இல் கொண்டுவந்தார். ஆனால் அதே கோடாக் ஆலையில் கறுப்பினத்தவருக்கு வேலை கிடைப்பது அரிதாகவே இருந்தது. 1960-களில் ரோசெஸ்டரில் அதற்காகவே போராட்டம் நடந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனுஷனைப் பார்க்கணும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1907-இல் அம்மா இறந்தபோது நண்பர்கள் முன்னாலேயே அழுகையை அடக்க முடியாமல் நின்றார். அவர் வீட்டு ஹால் சதுரமாக இருந்தது பிடிக்காமல், 1919-இல் வீட்டையே இரண்டாக வெட்டி, பின்பாதியை 9 அடி 4 அங்குலம் தள்ளி வைத்து ஹாலை நீட்டினார். சிவில் பசங்க கவனிக்கவும். வருஷத்துக்கு 13 மாதம், மாதத்துக்கு 28 நாள் என்ற காலண்டரை 1928-இல் கோடாக் கணக்கு வேலைகளுக்குள் புகுத்தினார். 1989 வரை அதுதான் நடந்தது.

கடைசி வருஷங்களில் முதுகுத்தண்டு நோய் வந்தது. நிற்கவே வலி, நடை தேய்ந்துபோனது. 1932 மார்ச் 14 அன்று, 77 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தன்னம்பிக்கை வீடியோ போடறவங்க சில பேர் இதை ஏதோ கம்பீரமான விடைபெறல் மாதிரி சொல்றாங்க. எனக்கு அதில் உடன்பாடே இல்ல. வலி தாங்காத ஒரு வயசானவர், ஆறு கண்டத்துக்கு ஃபிலிம் வித்தவர், அந்த வலியை இறக்கி வைக்க ஒரு வழி கிடைக்காமப் போயிட்டார். அதுல பெருமை பேச ஒண்ணும் கிடையாது. உங்களுக்கோ ரூம்மேட்டுக்கோ மனசு அந்தப் பக்கம் போனா, 104-க்கு ஒரு போன் போடுங்க, எந்நேரம்னாலும் எடுப்பாங்க.

மீதியை நாங்களே செய்வோம் என்ற அவரது ஏற்பாடு அவருக்குப் பின்னாலும் ஓடியது. கலர் ஃபிலிம் வந்த பிறகு அமெரிக்காவில் கழுவும் கூலியையும் ஃபிலிம் விலையிலேயே சேர்த்து வாங்கினார்கள், அதனால் வேறு லேபுக்கு வேலையே இல்லை. 1954-இல் அரசு தலையிட்டு அதைப் பிரிக்க வைத்தது. தனி லேப்கள் முளைத்தது அதற்குப் பிறகுதான். 1972-இல் வந்த சி-41 முறையை எல்லாக் கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டன. எந்தக் கம்பெனி கலர் நெகட்டிவ் ரோலாக இருந்தாலும் டெவலப்பரில் 37.8 டிகிரி செல்சியஸ், 3 நிமிஷம் 15 செகண்ட். உங்க தெருமுனை ஸ்டூடியோ, ரோலை வாங்கிக் கழுவ முடிஞ்சதும் அதனாலதான். டிஜிட்டல் வந்து அந்த ஸ்டூடியோக்களைக் காலி பண்ணுச்சு. 2012 ஜனவரியில் கோடாக்கே திவால் மனு கொடுத்தது, அடுத்த வருஷம் உடம்பு இளைச்சு மீண்டு வந்தது.

அதனால இப்போ மீதி வேலையில பாதி மறுபடி உங்ககிட்ட வந்திருக்கு. ரோலை லேப்ல குடுக்கும்போது கழுவ மட்டும் சொல்லுங்க. நெகட்டிவ் திரும்ப வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க. ஸ்கேன் ஃபைலை மட்டும் அனுப்பிட்டு நெகட்டிவைக் குப்பையில போடற இடங்களும் இருக்கு. ரூம்ல ஸ்கேன் பண்ண, படம் ட்ரேஸ் பண்ற எல்இடி பலகை ஒண்ணு, மேக்ரோ லென்ஸ் மாட்டின கேமரா ஒண்ணு போதும். மொபைல் ஸ்கிரீனை வெள்ளையா வெச்சு அது மேல நெகட்டிவை அப்படியே போட்டா பிக்ஸல் புள்ளியெல்லாம் படத்துல விழும். நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு பால் நிற அக்ரிலிக் துண்டு வைங்க. ரூம் லைட்டை அணைச்சிடுங்க. ரா ஃபைல்ல எடுங்க. படங்களுக்கு நடுவுல காலியா இருக்கிற ஆரஞ்சு ஓரத்துல வொயிட் பேலன்ஸ் வெச்சுட்டு, அப்புறம் நிறத்தைத் தலைகீழாக்குங்க. அந்த ஆரஞ்சு அழுக்கு இல்ல, சாயங்களோட குறையைச் சரிக்கட்ட வேணும்னே போட்டது.

பட்டையைச் சாய்ச்சுப் பார்த்தா ஒரு பக்கம் பளபளப்பா, ஒரு பக்கம் மங்கலா இருக்கும். அந்த மங்கல் பக்கத்தைத் துணியால தேய்க்காதீங்க, விரலும் வைக்காதீங்க. தூசி இருந்தா ஊதற பம்பு போதும். அது ஜெலட்டின்.